பிரெஞ்சில் போன் பேச்சு சிக்கும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

பாரிஸிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்த தமிழர் யாராக இருந்தாலும் இந்த வேலை ஒரு நாள் வந்து சேரும். “தம்பி, இதை ஒருக்கா பேசித் தாங்கோ” என்று யாராவது போனை நீட்டுவார்கள். எனக்குப் பல வருடமாக இப்படி நடக்கிறது. கடையில் நன்றாகப் பேசுகிறவர், வேலையிடத்தில் சமாளிக்கிறவர்கூட போனைக் காதில் வைத்ததும் தடுமாறுகிறார். கவனித்தால் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சிக்குகிறார்கள். அந்த இடங்களுக்கான வழிகளைக் கீழே எழுதியிருக்கிறேன். இலக்கணம் எதுவும் இல்லை. உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

பிரெஞ்சு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ‘ஜ’ வரும் இடத்தில் அழுத்தாமல், காற்றை விட்டு இழுத்துச் சொல்லுங்கள். ‘ர்’ தொண்டையிலிருந்து வரட்டும். ‘ஆன்’, ‘ஓன்’ என்று முடியும் சொற்களில் நாக்கு மேலே ஒட்ட வேண்டாம், ஒலி மூக்கோடு போகட்டும். அச்சுப் பிசகாமல் வர வேண்டும் என்றில்லை. பழகிய வாக்கியமாக இருந்தால் மறுமுனையில் இருப்பவர் பிடித்துக்கொள்வார்.

எந்த அழைப்புக்கும் முன் ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதி எதிரில் வையுங்கள்: உங்கள் பெயர் (எழுத்து எழுத்தாக), பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டோடு முகவரி, உங்கள் போன் எண் (இரண்டிரண்டாகப் பிரித்து), தோசியே (உங்கள் கோப்பு) எண் அல்லது சமூகப் பாதுகாப்பு எண். பாதி அழைப்புகள் இந்தத் தாள் இல்லாததால்தான் கெடுகின்றன. பையைத் துழாவும் நேரத்தில் மறுமுனை பொறுமை இழந்துவிடும்.

## அறிகுறி: அழைப்பே போகவில்லை, அல்லது காசு கரைகிறது

“ல நூமெரோ க வூஸாவே கொம்போஸே நே பாஸாத்ரிபுவே” என்ற பதிவுக் குரல் கேட்டால் அந்த எண் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்று பொருள். முதலில் இலக்கங்களை எண்ணுங்கள். பிரான்சில் சாதாரண எண்ணுக்குப் பத்து இலக்கம், பூஜ்யத்தில் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து அழைத்தால் +33 போட்டு அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். ஊரில் இருப்பவர்கள் +33-க்குப் பிறகும் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு “லைன் போகவில்லை” என்பது வழக்கம்.

எண் சரி, ஆனால் பில் ஏறுகிறது என்றால் முதல் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 0800 முதல் 0805 வரை இலவசம். 0806 முதல் 0809 வரை சாதாரணக் கட்டணம். 081, 082, 089 என்று தொடங்குபவை கூடுதல் கட்டண எண்கள், நிமிடத்துக்கு 0.80 யூரோ வரைகூடப் போகலாம். இணையத்தில் தேடும்போது மேலே விளம்பரமாக வரும் எண்ணையோ 118-இல் தொடங்கும் விசாரணை எண்ணையோ அழைக்காதீர்கள். அரசு அலுவலகங்கள் 2021 முதல் கூடுதல் கட்டண எண்களை வைத்திருக்கக் கூடாது. மருத்துவக் காப்புறுதிக்கு 3646, காஃபுக்கு (குடும்ப உதவித்தொகை அலுவலகம்) 3230, வேலை தேடும் அலுவலகத்துக்கு 3949, வரி அலுவலகத்துக்கு 0809 401 401. இவற்றை போனில் சேமித்துவிட்டால் தேடவே வேண்டாம்.

## அறிகுறி: இயந்திரக் குரல் சுற்றிச் சுற்றி விடுகிறது

எளிய காரணம், அது சொல்வதை முழுதாகக் கேட்க முயல்வது. தேவையில்லை. ‘தப்பே’ என்ற சொல்லுக்காக மட்டும் காத்திருங்கள், அதற்குப் பிறகு வருவது நீங்கள் அழுத்த வேண்டிய எண். அதற்கு முன்னால் வருவது காரணம்: “பூர் அன் ராந்தேவூ, தப்பே அன்”, அதாவது ராந்தேவூ (சந்திக்க நேரம் குறிப்பது) என்றால் 1. எப்போதும் காரணம் முன்னால், எண் பின்னால். எண் கேட்டதும் காரணத்தை மறந்துவிடுகிறவர்கள், கேட்கும்போதே தாளில் ‘1 ராந்தேவூ, 2 தோசியே’ என்று கிறுக்கிக்கொண்டால் போதும். ‘தூஷ் தியேஸ்’ என்றால் # பொத்தான், ‘தூஷ் எத்வால்’ என்றால் நட்சத்திரப் பொத்தான்.

இப்போது பல இடங்களில் பொத்தானே இல்லை. “ஆன் கெல்க் மோ” (சில சொற்களில்) சொல்லுங்கள் என்கிறது குரல். நீளமான வாக்கியம் சொன்னால் அது குழம்பும். ஒற்றைச் சொல் போதும்: ‘ராந்தேவூ’, ‘பெய்மான்’ (பணம் செலுத்துவது), ‘தோசியே’. இரண்டு முறை சொல்லியும் பிடிக்கவில்லை என்றால் ‘கொன்ஸெய்யே’ என்று சொல்லிப் பாருங்கள். மனிதரிடம் பேச வேண்டும் என்பதற்கு அதுதான் சொல். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரில் இல்லாமல் காதில் வைத்துப் பேசினால் இயந்திரம் பிடிக்கும் வாய்ப்பு கூடும்.

“தூத் நோ லீஞ் ஸோந்த் ஒக்குப்பே” என்றால் எல்லா இணைப்பும் நிரம்பியிருக்கிறது. அதன் பிறகு ‘பாஸியான்தே’ என்று வந்தால் காத்திருங்கள், ‘ராப்லே’ என்று வந்தால் வைத்துவிட்டுப் பிறகு அழையுங்கள். திங்கட்கிழமை காலை எந்த அலுவலகத்துக்கும் அழைக்காமல் இருப்பது நல்லது.

எத்தனை முறை அழைத்தாலும் இயந்திரத்தைத் தாண்ட முடியவில்லை என்றால் போனோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிரான்ஸ் செர்வீஸ் என்ற அரசு உதவி மையங்கள் நாடு முழுவதும் 2,500-க்கும் மேல் இருக்கின்றன. வரி, காஃப், மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அங்கே இலவசமாக உட்கார்ந்து உதவுவார்கள்.

## அறிகுறி: எடுத்தவர் குரல் ஆரம்பத்திலேயே கடுமையாகிறது

நீங்கள் போன்ஜூர் சொல்லவில்லை. பத்துக்கு ஒன்பது முறை காரணம் இதுதான். ‘அலோ’ என்பது லைன் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு மட்டும். ‘அலோ’ என்று சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்குப் போனால், இங்குள்ளவர் காதுக்கு அது கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது போல இருக்கும். அவர் ஏற்கெனவே போன்ஜூர் சொல்லியிருந்தாலும் நீங்களும் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் ‘போன்ஸ்வார்’.

தொடங்கும்போது மூன்று துண்டுகள், இதே வரிசையில்: வணக்கம், நீங்கள் யார், எதற்காக.

“போன்ஜூர் மதாம். ஸே மஸ்யு சிவகுமார். ஜ வூஸாப்பெல் பூர் ப்ரான்த்ர் ராந்தேவூ.” (நான் சிவகுமார். ராந்தேவூ எடுக்க அழைக்கிறேன்.)

கடைசித் துண்டை மட்டும் மாற்றினால் எந்த அழைப்புக்கும் பொருந்தும். ‘பூர் ஆன்யுலே அன் ராந்தேவூ’ என்றால் ரத்து செய்ய. ‘பூர் தெப்லாஸே அன் ராந்தேவூ’ என்றால் வேறு நாளுக்கு மாற்ற. ‘ஓ ஸூஜே த மோன் தோசியே’ என்றால் என் தோசியே பற்றி.

போன்ஜூர் சொல்லியும் குரல் கடுமையாகவே இருக்கிறதா? அப்படியானால் ‘து’ (நீ) போட்டுப் பேசிவிட்டீர்களா என்று பாருங்கள். வேலையிடத்தில் எல்லோரும் ‘து’ என்று பேசுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது வரும். போனில் தெரியாதவரோடு எப்போதும் ‘வூ’ (நீங்கள்) மட்டும். அதுவும் இல்லை என்றால் அவருக்கு அன்றைக்கு நாள் சரியில்லை. அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, மறுநாள் வேறொருவர் எடுப்பார்.

அழைப்பை முடிக்கும் விதமும் உண்டு. ‘மெர்ஸி’ என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைக்கக் கூடாது. “ஜ வூ ரமெர்ஸி, பொன் ஜூர்னே, ஓ ர்வார்.” அவரும் ‘ஓ ர்வார்’ சொன்ன பிறகு வையுங்கள்.

## அறிகுறி: கடகடவென்று பேசுகிறார், எதுவும் பிடிபடவில்லை

புரியாமலே “உய், உய்” என்று சொல்லிக்கொண்டு போவதுதான் இங்கே பெரிய ஆபத்து. எதற்கு ஆம் சொன்னோம் என்றே தெரியாமல் ராந்தேவூ ரத்தாகிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரரை நடுவில் நிறுத்துவது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ‘பார்தோன்’ என்ற ஒரு சொல்லை முன்னால் போட்டால் யாரையும் எந்த இடத்திலும் நிறுத்தலாம்.

படிப்படியாகப் போங்கள்.

லைன் சரியில்லை என்று தோன்றினால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்: “ஜ வூஸாந்தான் மால்” (சரியாகக் கேட்கவில்லை). விட்டுவிட்டுக் கேட்டால் “ஸா கூப்”. ரயிலில், மெத்ரோவில் இருந்தால் “ஜ வூ ராப்பெல்” (நான் திரும்ப அழைக்கிறேன்) என்று சொல்லி வைத்துவிடுவது மேல்.

லைன் நன்றாக இருக்கிறது, வேகம்தான் பிரச்சினை என்றால்: “பார்தோன், வூ பூவே பார்லே ப்ளூ லாந்த்மான், ஸில் வூ ப்ளே?” இரண்டு வாக்கியத்துக்கு வேகத்தைக் குறைப்பார், மூன்றாவதில் பழைய வேகம் வந்துவிடும். மறுபடி கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

வேகம் குறைந்தும் புரியவில்லை என்றால் “திரும்பச் சொல்லுங்கள்” என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். அதே வாக்கியத்தை அதே மாதிரி இன்னும் சத்தமாகச் சொல்வார், அவ்வளவுதான். எது புரியவில்லை என்று துண்டாகக் கேளுங்கள்: ‘கெல் ஜூர்?’ (எந்த நாள்?), ‘ஆ கெல் எர்?’ (எத்தனை மணிக்கு?), ‘கெல் தொக்யுமான்?’ (எந்தப் பத்திரம்?), ‘கெல் அத்ரெஸ்?’ (எந்த முகவரி?). இந்த நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் மீதி புரியாவிட்டாலும் பாதகமில்லை.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. “வூ பூவே மான்வ்வாயே அன் மெய்ல்?” அல்லது “அன் எஸ்எம்எஸ்?” என்று கேட்டு, சொல்வதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் வந்தால் நிதானமாகப் படிக்கலாம், யாரிடமாவது காட்டலாம், பின்னால் சான்றாகவும் இருக்கும். முக்கியமான விஷயம் எதுவானாலும் நான் இதைக் கேட்காமல் வைப்பதில்லை.

## அறிகுறி: எண்களை எழுதினால் தப்பாகிறது

போன் பேச்சு அதிகம் உடையும் இடம் இது. நேரில் என்றால் எழுதிக் காட்டுவார்கள், போனில் காது மட்டும்தான்.

இலக்கம் கூடிப்போகிறது. ஒரு மொபைல் எண்ணை எழுதி முடித்தால் பத்துக்குப் பதில் பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கிறதா? அப்படியானால் எழுபதையோ தொண்ணூறையோ இரண்டாக உடைத்துவிட்டீர்கள். போன் எண்ணை இங்கே இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 75 என்பதை “ஸ்வாஸாந்த் கான்ஸ்” என்பார்கள், அதாவது அறுபதும் பதினைந்தும். ‘ஸ்வாஸாந்த்’ கேட்டதும் கை 60 எழுதிவிடும், பிறகு 15-ஐ ஒட்டிவிடும். 92 இன்னும் மோசம்: “காத்ர் வான் தூஸ்”, நாலு இருபதும் பன்னிரண்டும். சிலர் 4, 20, 12 என்றே எழுதி வைத்திருப்பார்கள்.

இதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. ‘ஸ்வாஸாந்த்’ கேட்டால் உடனே எழுதாதீர்கள், பேனாவைத் தூக்கியே வைத்திருங்கள். அடுத்து ‘அன், தெ, த்ரவா’ என்று ஒன்று முதல் ஒன்பது வரை வந்தால் 6 எழுதி அதைச் சேருங்கள். ‘தீஸ், ஓன்ஸ், தூஸ், த்ரேஸ், கத்தோர்ஸ், கான்ஸ், ஸேஸ்’ என்று பத்துக்கு மேல் வந்தால் 7 எழுதுங்கள். ‘காத்ர் வான்’ கேட்டாலும் அதே மாதிரி, 8-ஆ 9-ஆ என்பதை அடுத்த சொல்தான் முடிவு செய்யும். சுவிஸின் பிரெஞ்சுப் பகுதியிலும் பெல்ஜியத்திலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அவர்கள் 70-க்கு ‘ஸெப்தாந்த்’, 90-க்கு ‘நொனாந்த்’ என்று நேராகச் சொல்லிவிடுவார்கள்.

பழக்கத்துக்கு நேரமில்லை, இப்போதே எண் வேண்டும். “ஷிஃப்ர் பார் ஷிஃப்ர், ஸில் வூ ப்ளே.” ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள் என்று பொருள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியம்தான் மனப்பாடம் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஏழு, ஐந்து என்று தனித்தனியாகச் சொல்வார், சிக்கலே இல்லை. நீங்கள் உங்கள் எண்ணைச் சொல்லும்போதும் அப்படியே சொல்லலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நேரம் தப்பாகிறது. ‘தெஸெர்’ (2 மணி), ‘தூஸெர்’ (12 மணி) இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். ‘ஸீஸெர்’ (6), ‘தீஸெர்’ (10) இரண்டும் அப்படித்தான். ‘த்ரவாஸெர்’ 3 மணி, ‘த்ரேஸெர்’ 13 மணி, அதாவது பகல் ஒன்று. அலுவலகங்களில் 24 மணிக் கணக்கில்தான் சொல்வார்கள் என்பதால் பகல் இரண்டு மணி ‘கத்தோர்ஸெர்’ ஆகிவிடும். சந்தேகம் வந்தால் “து மாத்தான்?” (காலையிலா?) அல்லது “த லாப்ரே மிதி?” (பிற்பகலா?) என்று கேட்டால் முடிந்தது.

மாதத்தில் ‘ஜ்வான்’ (ஜூன்), ‘ஜ்வியே’ (ஜூலை) இரண்டையும் கவனியுங்கள். கிழமையில் ‘மார்தி’ செவ்வாய், ‘மெர்க்ரதி’ புதன்.

சமூகப் பாதுகாப்பு எண் சொல்ல வரவில்லை. மொத்தம் 15 இலக்கம், அதனால் மூச்சு வாங்கும். அட்டையில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள். முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. பிறகு பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், மாதம். பிரான்சுக்கு வெளியே பிறந்தவர்களுக்கு அதன் பிறகு 99 வரும், அதை ‘காத்ர் வான் தீஸ் நெஃப்’ என்று சொல்ல வேண்டும். வாய் குழறினால் ‘நெஃப், நெஃப்’. பிறகு மூன்று, மூன்று, கடைசியில் இரண்டு. ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் நிறுத்துங்கள். மறுமுனையில் விசைப்பலகை ஓசை அடங்கி ‘உய்’ என்று கேட்டதும் அடுத்த துண்டு.

எந்த எண்ணானாலும் கடைசியில் நீங்கள் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்: “ஜ ரெப்பெத்…” என்று தொடங்கி எண்ணைச் சொல்லிவிட்டு “ஸே பியான் ஸா?” (இதுதானே?).

## அறிகுறி: பெயரைத் தப்பாக எழுதிக்கொள்கிறார்கள்

நம் பெயர்கள் நீளம், அவர்கள் காதுக்குப் புதியவை. ஒரு எழுத்து மாறினால் கணினியில் ஆள் கிடைக்க மாட்டார், “வூ நெத் பா தான் லா பாஸ்” என்று பதில் வரும். “கொமான் ஸா ஸேக்ரி?” அல்லது “வூ பூவே எப்லே?” என்று கேட்டால் எழுத்துக்கூட்டச் சொல்கிறார்கள்.

முதல் காரணம் ஆங்கில எழுத்து ஒலி. ஊரில் படித்த ஏ பி சி டி இங்கே குழப்பத்தைத்தான் உண்டாக்கும். ஆங்கிலத்தில் ‘ஈ’ என்று சொன்னால் இங்கே அது ‘ஐ’ எழுத்து. ஆங்கிலத்தில் ‘ஜே’ என்று சொன்னால் இவர்கள் ‘ஜி’ எழுத்தைப் போடுவார்கள், ‘ஜி’ என்று சொன்னால் ‘ஜே’ எழுத்தைப் போடுவார்கள், நேர்மாறு. ஜெயக்குமார், கஜன், ஜீவா என்று பெயர் உள்ளவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். ‘எச்’ இங்கே ‘ஆஷ்’. ‘ஒய்’ இங்கே ‘ஈ க்ரெக்’. ‘டபிள்யூ’ இங்கே ‘தூப்ல வே’. ‘ஆர்’ இங்கே ‘எர்’. ‘யூ’ என்பதை உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்.

ஒலி சரி, ஆனாலும் எழுத்து மாறுகிறது என்றால் போன்தான் காரணம். போனில் எம்மும் என்னும், பி-யும் வி-யும், எஃப்பும் எஸ்ஸும் ஒரே மாதிரி கேட்கும். அதற்குப் பிரெஞ்சுக்காரர்களே பெயர் சொல்லி எழுத்துக்கூட்டுவார்கள்: ஆ கொம் அனத்தோல், பே கொம் பெர்த், எம் கொம் மார்ஸெல், என் கொம் நிக்கொலா, எஸ் கொம் ஸூஸான், வே கொம் விக்தோர், ஜே கொம் கஸ்தோன், ஜி கொம் ஜோஸெஃப். முழுப் பட்டியலும் தேவையில்லை. உங்கள் பெயரில் இருக்கும் எழுத்துக்கு மட்டும் பழகிக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். சிவகுமார் என்றால்: எஸ் கொம் ஸூஸான், ஈ, வே கொம் விக்தோர், ஆ, கா, யு, எம் கொம் மார்ஸெல், ஆ, எர். சிக்கல் வரும் எழுத்துக்கு மட்டும் ‘கொம்’ போடுங்கள், எல்லாவற்றுக்கும் போட்டால் எழுதுபவர் தொலைந்துபோவார். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முன்னால் ‘தெ’ சேருங்கள், ‘தெ எல்’ என்றால் இரண்டு எல்.

எழுத்தெல்லாம் சரியாகச் சொல்லியும் உங்களைக் கண்டுபிடிக்கவில்லையா? அப்படியானால் ‘நோன்’, ‘ப்ரெநோன்’ குழப்பம். முதலாவது குடும்பப் பெயர், இரண்டாவது தன் பெயர். நமக்கு அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் இருந்ததை இங்கே எப்படிப் பிரித்துப் பதிந்தார்களோ அதுதான் கணக்கு. கார்த் த செஜூரை (வதிவிட அட்டையை) எடுத்து ‘நோன்’ என்ற வரியில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள், அது உங்கள் அப்பாவின் பெயராக இருந்தாலும் சரி. திருமணமான பெண்களிடம் ‘நோன் த நெஸான்ஸ்’ என்று கேட்டால் பிறந்த வீட்டுப் பதிவுப் பெயர் வேண்டும் என்கிறார்கள், கணவர் பெயர் அங்கே வேலை செய்யாது.

ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாகப் பதிவாகியிருந்தால் அது போனில் தீராது. பிறப்புச் சான்றிதழும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வைத்து எழுத்தில் திருத்தம் கேட்க வேண்டும்.

## அறிகுறி: வேண்டிய ஆளிடம் போய்ச் சேரவில்லை

“ஸே த லா பார் த கி?” என்றால் யார் பேசுவது என்கிறார்கள். “ஸேத் ஆ கெல் ஸூஜே?” என்றால் எது பற்றி. இரண்டுக்கும் தாளில் விடை இருக்கிறது. “ந கித்தே பா” என்றால் வைத்துவிடாதீர்கள், இணைக்கப் போகிறார்கள். “ஈல் ஏத் ஆன் லீஞ்” என்றால் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

மருத்துவரின் செயலாளர் “வூஸெத் தெஜா வ்னு?” என்று கேட்டால் முன்பு வந்திருக்கிறீர்களா என்று பொருள். இல்லை என்றால் “நோன், ஸே லா ப்ரமியேர் ஃப்வா”. “ல தொக்தெர் ந ப்ரான் பா த நூவோ பாஸியான்” என்றால் புதிய நோயாளிகளை எடுப்பதில்லை, வாதாடிப் பயனில்லை, அடுத்த மருத்துவரை அழையுங்கள்.

பதிவுக் கருவி வந்தால் பயந்து வைத்துவிடாதீர்கள். ‘பிப்’ ஒலிக்குப் பிறகு தாளில் எழுதியதை வாசித்தால் போதும்: “போன்ஜூர், ஸே மஸ்யு சிவகுமார். ஜ வூஸாப்பெல் ஓ ஸூஜே த மோன் தோசியே. வூ பூவே ம ராப்லே ஓ…” என்று எண்ணை மெதுவாக இரண்டு முறை சொல்லி “மெர்ஸி, ஓ ர்வார்”.

## அறிகுறி: எனக்கு அழைப்பு வருகிறது, யார் என்றே தெரியவில்லை

“உய், போன்ஜூர்” என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள். பெயரைச் சொல்ல வேண்டாம். “கி ஏத் ஆ லாப்பரெய்?” என்றால் யார் பேசுகிறீர்கள் என்று நீங்கள் கேட்பது.

பொதி கொண்டுவந்தவர் என்றால் குரலில் அவசரம் இருக்கும்: “ஜ ஸ்வீஸான் பா!” (கீழே நிற்கிறேன்). அவருக்கு வேண்டியது கதவின் கோத் (திறக்கும் குறியீடு), கட்டட எழுத்து, மாடி. “ல கோத் ஸே…, பாத்திமான் பே, த்ரவாஸியேம் எத்தாஜ்.”

வேலை தரும் இடம் என்றால் நின்ற இடத்திலேயே பேச வேண்டாம். “ஜ பெ வூ ராப்லே தான் தி மினூத்?” என்று பத்து நிமிடம் கேட்டு, எண்ணை வாங்கிக்கொண்டு, தாளோடு உட்கார்ந்து அழையுங்கள். இது யாருக்கும் தவறாகத் தெரியாது.

எதையாவது விற்கிறார்கள் என்றால்: “ஸா ந மான்த்தெரெஸ் பா, மெர்ஸி, ஓ ர்வார்”. வைத்துவிடலாம், இங்கே மட்டும் அவர் ஓ ர்வார் சொல்லக் காத்திருக்க வேண்டாம். முன்கூட்டிச் சம்மதம் தராதவரை விற்பனைக்காக அழைப்பதை 2026 ஆகஸ்ட் 11 முதல் தடை செய்யும் சட்டம் 2025-இல் வந்தது.

வங்கியிலிருந்து என்று சொல்லி, கணக்கில் திருட்டு நடக்கிறது, வந்த குறியீட்டைச் சொல்லுங்கள் அல்லது செயலியில் உறுதிப்படுத்துங்கள் என்றால் ஒரு சொல்கூடப் பேசாமல் வையுங்கள். திரையில் வங்கியின் உண்மையான எண்ணே தெரிந்தாலும் நம்பாதீர்கள், அதைப் போலியாகக் காட்ட முடியும். நீங்களாக வங்கியின் எண்ணை அழுத்தி விசாரியுங்கள். பணம் போய்விட்டது என்றால் அன்றே வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்திவிட்டு, காவல் நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். அதற்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த ஒருவரோடு போங்கள்.

## அறிகுறி: உயிர் அவசரம், வார்த்தை வரவில்லை

மருத்துவம் 15, தீயணைப்பு 18, காவல் 17. எதுவும் நினைவில்லை என்றால் 112. எல்லாம் இலவசம்.

இங்கே போன்ஜூர் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதலில் முகவரி: வீட்டு எண், தெரு, ஊர், கட்டடம், மாடி, கதவின் கோத். லைன் அறுந்தாலும் அவர்கள் வந்து சேர அதுதான் வழி. பிறகு ஒரே வாக்கியம்: “ஈல் ந ரெஸ்பீர் பா” (மூச்சில்லை), “ஈல் ஆ பெர்தூ கொனெஸான்ஸ்” (மயங்கிவிட்டார்), “எல் ஆ மால் ஆ லா ப்வாத்ரீன்” (அவருக்கு நெஞ்சு வலி), “ஈல் ஸேஞ் போகூ” (ரத்தம் அதிகம் போகிறது). அவர்கள் சொல்லும் வரை வைக்காதீர்கள். அறுந்துபோனால் போனைக் கையிலேயே வைத்திருங்கள், திரும்ப அழைப்பார்கள்.

காது கேளாதவர்களுக்கும், வீட்டில் அடி உதைக்குப் பயந்து வாய்விட்டுப் பேச முடியாமல் இருப்பவர்களுக்கும் 114-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழி இருக்கிறது.

## அறிகுறி: எல்லாம் செய்து பார்த்தும் முடியவில்லை

வேறொருவர் உங்களுக்காகப் பேசும்போது அவர் நீங்களாக நடிக்க வேண்டாம், பிறந்த தேதி கேட்டதும் குழம்பிவிடும். “ஜாப்பெல் பூர் மா தாந்த், எல் ஏத் ஆ கோத்தே த ம்வா” என்று உண்மையைச் சொல்லலாம்: அத்தைக்காக அழைக்கிறேன், பக்கத்தில் இருக்கிறார். அத்தையின் குரலில் ‘உய்’ கேட்ட பிறகுதான் பெரும்பாலும் மேலே பேசுவார்கள், ஆகவே ஸ்பீக்கரில் போட்டு அவரைப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

சில விஷயங்களைப் போனிலேயே முடிக்கப் பார்க்கக் கூடாது. அகதி விண்ணப்பம், வீட்டைவிட்டு வெளியேற்றும் கடிதம், நீதிமன்றத் தாள் என்றால் வழக்கறிஞர் வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தரும் ஏற்பாட்டை ‘எய்த் ஜூரிதிக்ஸியொனெல்’ என்பார்கள். ஒஃப்ப்ராவும் (அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகம்) அதன் முடிவுக்கு எதிரான மேல்முறையீட்டு நீதிமன்றமும் விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தாங்களே தருகின்றன, அதற்குக் காசு கேட்டு வருபவரை நம்ப வேண்டாம்.

மருத்துவமனை விஷயத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு லீவு போட வைத்து, அம்மாவின் நோயை அதன் வாயால் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பல மருத்துவமனைகள் போன் வழியாக மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க முடியும், ஆனால் நாம் கேட்க வேண்டும், முடிந்தால் ராந்தேவூ எடுக்கும்போதே. கேட்பது இப்படி: “ஜே பஸ்வான் தன் ஆந்தெர்ப்ரெத் ஆன் தாமூல், ஸில் வூ ப்ளே.” இல்லை என்றால் சமூக உதவியாளரிடம், அதாவது ‘அஸிஸ்தான்த் ஸோஸியால்’ என்பவரிடம் இணைக்கச் சொல்லுங்கள்.